தட்டாத நான்காவது எண்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானது இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் செல்போனுக்குத் தவறாக வந்த ஒரு குறுஞ்செய்தியிலிருந்து இது பிறந்தது. 'உங்கள் பரிசோதனை முடிவு தயார். திறக்க, நோயாளி பிறந்த வருடத்தைத் தட்டவும்.' நான் எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை. கீழே இருந்தது என் அக்காவின் பெயர்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. சாவிக்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு வரவேண்டிய செய்தி எனக்கு வந்ததற்கு நான்தான் காரணம். எட்டு வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது, அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோருடைய பதிவுக்கும் என் எண்ணையே கொடுத்துவிட்டேன். பொறுப்பான பிள்ளை என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

இதையெல்லாம் 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இனி அவனைத் தம்பி என்று வைத்துக்கொள்வோம். திட்டுவதற்கும் வசதி.

2

தொடக்கம் ஒன்று: அன்று காலையிலிருந்தே மழை விடாமல்

(மழை பெய்யவில்லை. விடுங்கள்.)

தொடக்கம் இரண்டு: அக்காவுக்கு வந்திருந்த நோய்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு அனுமதி இல்லை. காரணம் பின்னால் வரும்.)

தொடக்கம் மூன்று: தம்பி மதியச் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு செல்போனை எடுத்தான். அக்கா பிறந்த வருடம் தெரியாத தம்பி எங்கேயாவது உண்டா? முதல் எண்ணைத் தட்டினான். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது எண்ணுக்கு மேலே கட்டைவிரல் நின்றுவிட்டது.

நல்ல மனசுக்காரன், அதனால் நின்றான் என்று எழுதினால் உங்களுக்கு அவனைப் பிடித்துப்போகும். ஆனால் அவனை நிறுத்தியது பயம். ஆறு வருடங்களுக்கு முன் அக்கா இதே ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கியபோது, டாக்டர் அவளைக் கேட்காமலேயே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த வாரமே சித்தி, பெரியப்பா, அத்தை என்று பதினோரு பேர் அக்கா வீட்டில் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. கடையை மூடு என்றார் பெரியப்பா. யாரிடமும் சொல்லாதே என்றாள் சித்தி, அதற்குள் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டிருந்தாள். அக்கா பதினோரு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அதோடு சிகிச்சையைப் பாதியில் விட்டவள், ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை.

இப்போது தானாக, யாருக்கும் சொல்லாமல் மறுபடி போயிருக்கிறாள். இந்த முறையும் வீட்டுக்குத் தெரிந்தால் விட்டுவிடுவாள். அப்புறம் அவளைக் கூட்டிப்போக யாராலும் முடியாது.

3

பயந்த தம்பி பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கமாட்டான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். பதிவுக் கவுண்டரில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அக்காவுக்கு என்னன்னு மட்டும் சொல்லுங்க. ரிப்போர்ட் வேண்டாம்."

"அவங்களுக்கு என்ன வயசு சார்?"

"முப்பத்தெட்டு."

"பேச முடியாத நிலைமையா?"

"ஐயோ, நல்லா பேசுவாங்க. கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசுவாங்க."

"அப்ப அவங்களையே கேளுங்க. அப்படி ஒருத்தங்க இங்க வர்றாங்களான்னுகூட நான் சொல்லக்கூடாது."

"நான் அவங்க கூடப் பொறந்தவன்!"

"யாரா இருந்தாலும் அவங்க சரின்னு சொல்லணும் சார்."

(முதல் வரைவில் இந்தப் பெண்ணுக்குச் சிடுமூஞ்சி வைத்திருந்தேன். அது பொய். தம்பியின் முகம் வெளிறியதைப் பார்த்து உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். "நம்பர் மாறி வந்திருந்தா, அவங்களே வந்து மாத்திக்கலாம்" என்றாள்.)

4

இனி தம்பி என்ன செய்வான்? செய்தியை அழித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல இருக்கலாம். அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாரத்தை இறக்கலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவன் தப்பித்துக்கொள்கிறான், அக்கா மாட்டிக்கொள்கிறாள்.

அவன் சாவிக்கடைக்குப் போனான். ஒருவர் டூப்ளிகேட் சாவி வெட்ட வந்து நின்றிருந்தார்.

"வீடு உங்களுதா?" அக்கா எல்லோரிடமும் கேட்கும் கேள்வி.

"மாமனார் வீடும்மா."

"அப்ப மாமனாரை வரச் சொல்லுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். தம்பி செல்போனை மேஜையில் வைத்தான்.

"அக்கா, இது உனக்கு வந்தது. மூணு நம்பர் தட்டிட்டேன். நாலாவது தட்டல. ஆஸ்பத்திரில போய்க் கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டாங்க."

அக்கா மெஷினை நிறுத்தினாள். கையில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளைத் துணியில் துடைத்தாள், வெகுநேரம் துடைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உன் மேல சத்தியமா."

"என் மேல எதுக்குடா? உன் மேல பண்ணு."

தம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மன்னிச்சிரு அக்கா" என்றான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, தானே நான்கு எண்களையும் தட்டிப் படித்தாள். பிறகு, "நாளைக்கு நம்பர் மாத்தப் போலாம், கூட வா" என்றாள்.

[இங்கே சாவியையும் நோயையும் ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. வரைவைப் படித்த அக்கா அடித்துவிட்டாள். "வாசிக்கிறவங்களுக்கு அவ்வளவுகூடத் தெரியாதா?" என்றாள். எழுதச் சம்மதித்தவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், நோயின் பெயர் வரக்கூடாது. "ஊகிப்பாங்களே அக்கா" என்றேன். "தப்பு தப்பா ஊகிக்கட்டும்" என்றாள்.]

5

எண்ணை மாற்றும் படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. 'உங்கள் சிகிச்சை பற்றி நாங்கள் யாரிடம் பேசலாம்?' எதிரே ஒரு வெற்றுக் கோடு. அக்கா பேனாவை எடுத்தாள். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் செய்ததில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள். "அடுத்த வாரம் ஊசி போட வரணும். வண்டி எடுத்துட்டு வருவியா?"

"வர்றேன்."

"உள்ள வரக்கூடாது."

"வெளியவே உக்காந்திருக்கேன்."

"என்ன ஏதுன்னு கேக்கக்கூடாது."

"கேட்டேனா?"

இன்று நான்காவது ஊசி. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். (தம்பி என்று போட மறந்துவிட்டேன். பரவாயில்லை.) முந்தைய மூன்று முறையும் அக்கா வரும்போது முகம் செத்திருக்கும். பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் ரேடியோவைக்கூடப் போடமாட்டேன்.

அந்தக் கோட்டில் என் பெயர் இருக்கிறதா? கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். பத்தடி தூரம்தான். நான் கேட்கவில்லை. உங்களுக்கு இந்தக் கதையின் முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போய்க் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பாள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறக்கிறது. இந்தப் பகுதியை அக்கா இன்னும் படிக்கவில்லை, நோட்டை மூடியாக வேண்டும். நேராக என்னிடம் வந்து கையை நீட்டுகிறாள்.

"வண்டிச் சாவியைக் குடு. இன்னைக்கு நான் ஓட்டுறேன்."