காவுக்கு விளக்கு வைக்க ஓர் ஆள்

தொண்ணூற்றாறாம் வருடம் மீன மாதம், பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் ஆரியங்கோடு வண்டி நகரத் தொடங்கியபோது பிரேமகுமாரி ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டாள். கண்டக்டர் வைததெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. பையில் பழைய பேப்பர் மடிப்புக்குள் ஒரு காய்ந்த கொடித்துண்டு இருந்தது, ஊதாப் பூங்கொத்தோடு. இதற்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் கிடையாது, புதுச்செடி என்றுதான் தோன்றுகிறது என்று தாவரவியல் பேராசிரியர் அன்று காலை சொல்லியிருந்தார். ஆராய்ச்சி மாணவிக்கு இதைவிட என்ன வேண்டும்! சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சந்தோஷத்துக்குப் பக்கத்திலேயே பதற்றமும் உட்கார்ந்திருந்தது. அந்தக் கொடி அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அவள் வீட்டுக்குப் பின்னால், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில், தலைமுறை தலைமுறையாக யாரும் கத்தி வைக்காத முப்பது சென்ட் நாகர்காவில், நாகதெய்வங்களுக்கென்று விட்ட காட்டுத்துண்டில், அது படர்ந்திருந்தது. இன்றைக்குப் பூசை செய்யும் தந்திரி வந்து, கல்லில் குடியிருக்கும் நாகங்களை மந்திரத்தால் ஆவாகித்துப் பெரிய கோயில் ஒன்றுக்குக் கொண்டுபோகிறார். தெய்வம் குடிபோன காவு வெறும் காடு. மரம் வெட்ட வெட்டுகாரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், மூன்று மாதத்துக்கு முன் குடும்பம் கூடிப் பேசியபோது முதலில் சம்மதம் சொன்னவளே இவள்தான். மூடநம்பிக்கை ஒழிந்தால் நல்லது என்று சிரிக்கவும் செய்தாள். போன மாதம் கொடி பூத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. இன்னொரு கொடி உண்டா என்று காவு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாள். நாகக்கற்களின் பக்கம் மட்டும் போகவில்லை. கல்லுக்கு முன்னால் குனிவதில்லை என்பது அவளுடைய பிடிவாதம்.

வீட்டு வாசலில் தம்பி ஜெயன் காத்து நின்றான். வீட்டில் ஒருவர் மறுத்தாலும் நாகங்களை எடுக்க முடியாது, அதனால் தந்திரி ஒவ்வொருவரிடமும் கேட்கப் போகிறார் என்று பரபரத்தான்.

"அக்கா, முதல்ல சம்மதிச்சவ நீ, ஏன் மாறினேன்னு கேப்பாரு. சொப்பனம் கண்டேன்னு மட்டும் சொல்லு. நாகம் வந்து போகமாட்டேன்னு சொல்லிச்சுண்ணு. அது போதும்."

பொய்தான். ஆனால் எவ்வளவு சுலபமான பொய்!

காவில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அம்மா விஜயம்மா முழங்கால் வலியோடு ஒரு ஓரமாக நின்றாள். அவளால் நடக்க முடியாமல் போனதிலிருந்து காவில் விளக்கு முடங்கியது. முடங்கினால் நாகதோஷம் என்று அம்மாவின் தம்பி மோகனனுக்கு உறக்கமே போய்விட்டது. காவை வெட்டி ரப்பர் வைக்கிற ஆசையும் உண்டுதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனாலும் பயம்தான் பெரியது.

தந்திரி பிரேமாவிடம் வந்தார். சம்மதம் இல்லை என்றாள். ஏதாவது நிமித்தம் கண்டாயா என்று அவர் மலையாளத்தில் கேட்டார். பொய் அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஜெயன் கண்ணைக் காட்டினான்.

"சொப்பனம் ஒண்ணும் காணல்ல. ஒரு கொடி கண்டேன். வேற எங்கயும் யாரும் காணாத கொடி. நீங்கல்லாம் பயந்து கத்தி வெக்காததினாலயாக்கும் அது பிழைச்சுக் கிடக்குது."

மோகனன் மாமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ கும்பிடாதவளாக்கும். அந்திக்கு விளக்கு யாரு வெப்பா?"

"நான் வெப்பேன் மாமா. எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா ஒரு நாளும் முடக்கமாட்டேன்."

விளக்கு வைக்க ஆள் இருக்கும்போது நாகங்களை எடுக்க முடியாது என்றார் தந்திரி. பிறகு கொண்டுவந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தார். வெட்டுகாரர்கள் பீடி பற்றவைத்தபடி ஊருக்கு நடந்தார்கள். பிரேமாவுக்குக் கத்திக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

அந்திக்கு எண்ணெயும் திரியுமாக அவள் போனாள். சொன்ன சொல் சொல்தானே. கல்விளக்கு தரையோடு தரையாக இருந்தது. முட்டுக்குத்தாமல் ஏற்ற முடியாது. மனசுக்குள் முனகியபடி முட்டுக்குத்தித் திரியைக் கொளுத்தினாள். வெளிச்சம் கல்லின் அடியில் விழுந்தது.

அங்கே செம்புநிறத் தளிரோடு சின்னஞ்சிறு கன்றுகள் நின்றன. அதே இலை, அதே நரம்பு. கொடி போன வருடமே காய்த்திருக்கிறது, விதைத்திருக்கிறது. அவள் குனிய மறுத்த இடத்திலேயே இத்தனை காலமும் முளைத்து நின்றிருக்கிறது. அவள் கண் நிறைந்தது. நெற்றி மண்ணில் முட்டும்வரை குனிந்தாள்.

உண்மையிலேயே விளக்கு வைக்கிறாளா என்று பார்க்க வந்த மாமன் பின்னால் திகைத்து நின்றார்.

"கும்பிடுதியா மக்கா?"

"எண்ணுதேன் மாமா. ஏழு உண்டு."

மோகனன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் முட்டுக்குத்தினார். திரியைச் சற்றுத் தூண்டிவிட்டுக் கல்லுக்குப் பின்னால் விரலை நீட்டி, எட்டாவதைக் காட்டினார்.