கிழிசலைக் கண்டு பள்ளியை எடைபோட்டவர்

எதையும் இன்னொன்றோடு வைத்துப் பார்க்காமல் தையல்காரர் வாங்கியதில்லை. கத்தரிக்காய் என்றாலும் இரு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். நூல்கண்டு என்றாலும் இரண்டை வெயிலில் பிடித்து நிறம் தேர்வார். “என்னை மட்டும் எதோட ஒப்பிட்டுக் கட்டிக்கிட்டீங்களோ!” என்பாள் மனைவி.

அவ்வூரில் அரசுப் பள்ளிகள் இரண்டு: மேட்டுப் பள்ளி, பாலத்துப் பள்ளி. இரண்டின் சீருடைகளும் பழுதுபார்க்க அவரிடமே வரும். மேட்டுப் பள்ளிச் சட்டைகள் மடிப்புக் கலையாதவை. எப்போதாவது ஒரு பொத்தான் போயிருக்கும். பாலத்துப் பள்ளியினுடையவையோ முழங்கால் தேய்ந்து, சட்டைப்பை பிய்ந்து தொங்கிக்கொண்டு வரும்.

“துணியைப் பார்த்தாலே தெரியாதா? அது அடிதடிப் பள்ளிக்கூடம்ங்க” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கத்தரி பிடித்த கையை நம்பிய ஊர் வாயையும் நம்பியது. பால்காரர் தம் மகளை மேட்டுப் பள்ளியில் சேர்த்தார்; இன்னும் சிலரும் அவர் வழியே போனார்கள். பாலத்துப் பள்ளியின் முதல் வகுப்பு மெலிந்தது.

தையல்காரரின் மகளும் மேட்டுப் பள்ளிக்கே போனாள். அவளுக்குத் திக்குவாய். அங்கே கைகட்டி வாய்பொத்தி அமர்வதே ஒழுக்கம். வாசிக்கும் முறை வந்தால் அவளைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்கள். நாளடைவில் அவள் வீட்டிலும் பேச்சை நிறுத்தினாள். நீர் தெளிந்திருக்கிறதே என்று மகிழ்ந்து, மீனில்லாக் குளத்தங்கரையில் ஒற்றைக்காலில் நின்ற கொக்கின் நிலை தகப்பனுக்கு.

“வாங்காத கத்தரிக்காயையும் தூக்கிப் பாக்குறவரு, பாலத்துப் பள்ளிக்கூடத்தை ஒரு தடவையாவது எட்டிப் பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

பார்க்கவில்லைதான். அன்றே போனார்.

முற்றத்தில் பிள்ளைகள் மண்டியிட்டுத் தரையில் கோடு போட்டு, சட்டைப்பை பிதுங்கக் கொண்டுவந்த கூழாங்கற்களைப் பத்துப்பத்தாகக் குவித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடை சொல்வதில் ஒரே கூச்சல். முழங்கால் ஏன் தேய்ந்தது, பை ஏன் பிய்ந்தது என்று தையல்காரருக்கு அப்போதுதான் விளங்கியது.

“வாங்கண்ணே! எங்க பிள்ளைங்க மானம் உங்க ஊசியிலதான் இருக்கு” என்று சிரித்தபடி வந்தார் தலைமையாசிரியை.

“டீச்சர், இதை அடிதடிப் பள்ளிக்கூடம்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான். பேச்சையே நிறுத்திட்ட என் பொண்ணை இங்க சேத்துக்கங்கன்னு இப்ப எந்த முகத்தோட கேப்பேன்?”

“தெரியும்ணே. அதுக்கு உங்க பொண்ணு என்ன பண்ணுவா? நாளைக்கே கூட்டிட்டு வாங்க.”

அங்கே சேர்ந்த சில வாரங்களில் ஒருநாள், சாப்பிடும்போது அப்பளங்களை எண்ணிய தாயை மகள் மடக்கினாள்: “த... தப்பும்மா! ந... நான் எண்ணினதுதான் சரி!” மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். எந்தப் பள்ளியைத் தையல்காரர் தூற்றினாரோ, அதுவல்லவா அவர் வீட்டுக்குக் குரலைத் திருப்பித் தந்தது!

மறுநாள் கடையைத் திறக்காமல் பால்காரர் வீட்டுக்கு நடந்தார்.

“நான் சொன்னது தப்புங்க. போய்ப் பாக்காமலே சொல்லிட்டேன்.”

“என்னங்க இது, அளந்துட்டு வெட்டுறவரு, வெட்டிட்டு அளந்திருக்கீங்களே!”

“ஆமாங்க. இப்பவும் என் பேச்சை நம்ப வேணாம். பாப்பாவோட நீங்களே வந்து பாருங்க.”

பால்காரரையும் மகளையும் பாலத்துப் பள்ளி வாசல்வரை கொண்டுவிட்டவர், தாம் பேசிக் கெடுத்த அடுத்த வீட்டைத் தேடிப் புறப்பட்டார்.