தண்ணீருக்குப் பிடித்த 'ங்க'

1996 ஐப்பசியில் புதுப் பஞ்சாயத்துத் தலைவி பதவியேற்ற அன்று, சூலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் குழாய்களில் தண்ணீர் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வந்து, கீழே விழாமல் அப்படியே நின்றது. தொட்டால் கை நனையும். குடத்துக்குள் மட்டும் இறங்காது. அதற்கு முன் அஞ்சாறு வருசமாக ஊரில் தேர்தலே இல்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் வால்வுச் சாவி மேல்வீதிப் பெரியதனக்காரர் காளிச்சாமியின் இடுப்பு அரணாக்கயிற்றில்தான் தொங்கியது. மேல்வீதிக்குத் தினமும் தண்ணீர். காலனிக்குக் குழாய் பதித்ததோடு சரி. போய்க் கேட்டால், "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். அவர் 'ஆகட்டும்' என்றால் ஆகாது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

தலைவர் பதவியைக் காலனிப் பெண்ணுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். காலனிக்குத் தண்ணீர் விடுவேன் என்ற ஒரே வாக்கோடு நின்று ஜெயித்தாள் பழனியாத்தாள். துணைத்தலைவரான காளிச்சாமி நாற்காலியை விட்டு எழாமல், "ஏ பழனியா, கையெழுத்தப் போட்டுப்போட்டு ஓரமா நில்லு" என்றார். தண்ணீர் நின்றது அந்த நேரத்தில்தான்.

மேல்வீதி இருப்புக்கொள்ளாமல் தவித்தது. ஜீப்பில் வந்த இன்ஜினியர் குழாயை மாற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார். காளிச்சாமி குழாயையே கும்பிட்டு, "ஏனுங்க, வாங்க" என்று கெஞ்சினார். எருமையைக்கூட 'நகருங்க' என்கிற ஊர் அல்லவா! தண்ணீர் லேசாக ஆடியது, விழவில்லை.

காளிச்சாமியின் மனைவி முத்தாத்தாள்தான் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தாள். ரேசன் கடையில் பழனியாத்தாளைப் பார்த்து, வாய் தவறி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்தால் குடம் நிறைந்திருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? மேல்வீதியே காலனிக்கு ஓடியது. "சௌக்கியங்களா?", "சாப்டீங்களா?" ஒரு 'ங்க'வுக்கு ஒரு குடம். பழனியாத்தாளுக்குத் தலைசீவக்கூட நேரமில்லை. அவள் தெருக் குழாயோ இன்னும் காய்ந்தே கிடந்தது. அவளுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"மரியாதை இருக்கட்டுங்க. சாவியக் குடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவைப் பார்த்துச் சொன்ன, பதில் சொல்ல ஆளில்லாத 'ங்க'வைத் தண்ணீர் மதிக்கவில்லை. மறுபடியும் நின்றது.

"பேத்திக்குக் கஞ்சி வெக்கத் தண்ணியில்லீங்க. ஒரு வார்த்தை சொன்னா உங்க நாக்கென்ன தேஞ்சா போயிரும்?" என்று முத்தாத்தாள் புருசனைப் பிடித்துத் தள்ளாத குறைதான். காளிச்சாமி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காலனிக்குப் போனார். "இந்தா" என்று சாவியை மேலிருந்து போடப் பார்த்தார். பழனியாத்தாள் கையை இழுத்துக்கொண்டாள். சாவி மண்ணில் விழுந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து பொறுக்கி, வேட்டியில் துடைத்து, அவள் உள்ளங்கையிலேயே வைத்தார்.

"இந்தாங்க."

அவள் போய் வால்வைத் திறந்தாள். காலனிக் குழாய் இருமியது, துருவைத் துப்பியது, ஒரு சாண் தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றது. தலைவி என்ன மரியாதை வைக்கப்போகிறாளோ என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டோம். பழனியாத்தாள் குடத்தை வைத்துவிட்டு, "வா கண்ணு" என்றாள். வந்தது.

மேல்வீதியில் நாங்கள் இப்போதும் 'வாங்க' என்று சொல்லித்தான் குடம் வைக்கிறோம். காலனியில் 'வா கண்ணு' என்றாலே போதும்.