இரண்டும் வெள்ளை மூடி

இரண்டு போத்தலுக்கும் இன்று வெள்ளை மூடி. நிரோஷா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நேற்று வரை காலை மருந்துக்கு வெள்ளை மூடி, இரவு மருந்துக்கு நீல மூடி. இப்போது புதுப் போத்தல்கள் வந்திருக்கின்றன. எது எதுவென்று துண்டு ஒட்டி முத்து முத்தாக எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். சிங்களத்தில்.

தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்குச் சிங்களம் என்ன பெரிய விஷயமா? கடையில், பஸ்ஸில், சண்டையில் என்று வெளுத்து வாங்குவாள். அரசாங்கச் செலவில் முதியோரைப் பராமரிக்கும் பயிற்சி, முடித்தால் வேலையும் எடுத்துத் தருவோம் என்று வந்த உத்தியோகத்தர், சிங்களம் தெரியுமா என்று கேட்டபோது தெரியும் என்றாள். பொய்யில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எழுத்தையும் சேர்த்துக் கேட்கிறார் என்று யாருக்குத் தோன்றும்? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்க ஆளே இருந்ததில்லை. பயிற்சி வகுப்பில் மிஸ் சொல்லச் சொல்லக் காதில் வாங்கிக்கொண்டாள். இந்த முதியோர் இல்லத்துக்குப் பழக வந்தபிறகு மூடியின் நிறத்தை வைத்தே சமாளித்தாள். இன்று கடைசி நாள். மிஸ் பக்கத்தில் நின்று பார்த்து மார்க் போடுகிறார். தேறினால் அவிசாவளையில் ஒரு வீட்டில் வேலை.

காலையில் புருஷன் சதீஸ் பஸ் வரும் வரை கூடவே நின்றான்.

"பாஸாயிருவதானே புள்ள?"

"ஏன் இப்பிடிக் கேக்குறீங்க?"

"மழ பேஞ்சா றப்பர் பால்வெட்டு இல்ல. பேரு போட மாட்டாங்க, அன்னைக்குச் சம்பளமும் இல்ல. ஒன்னயதான் நம்பியிருக்கேன்."

பாவம் அவன். அவனிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை.

கட்டிலில் கிடக்கும் கிழவர் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் சீயா, தாத்தா. இப்போது கண் தெரியாது. இந்நேரம் கொடுக்க வேண்டியது காலை மருந்து; இரவு மருந்து தூக்கத்துக்கு. அதைப் பகலில் குடித்து, மயக்கத்தில் எழுந்து நடந்து, விழுந்து, இடுப்பு முறிந்து செத்துப்போன ஒருவரைப் பற்றி மிஸ்ஸே வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

ஒரு போத்தலை எடுத்தாள். மிஸ்ஸின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. திறந்து மோந்தாள். மற்றதையும் மோந்தாள். இரண்டும் ஒரே இனிப்பு வாசம். முதலில் எடுத்ததையே கரண்டியில் ஊற்றினாள். சரியாக இருந்தாலும் இருக்கும். சாமி, சரியாக இருக்கட்டும்.

"துவே, பெஹெத்த?" மகளே, மருந்தா என்று கேட்டுவிட்டு, சீயா தலையைத் தூக்கி வாயைத் திறந்தார்.

பல்லில்லாத வாய். ஒரு கேள்வியும் இல்லாமல் திறந்த வாய். நிரோஷா அவர் உதடு வரை போன கரண்டியைப் பின்னால் இழுத்தாள்.

"மிஸ்," என்றாள். "மட்ட கியவன்ன பே."

எனக்கு வாசிக்கத் தெரியாது. அதையும் சுத்தமான சிங்களத்தில்தான் சொன்னாள்.

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். சீயா வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்.