நிறுத்தக் கூடாத கம்பு

சாவு வீட்டில் என்ன மிஷின் சத்தம் என்று ஜெயபாய் வயரைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். சுவரிலிருந்து பிளக் கழன்றது. மறுமுனையில் வயரும் மோட்டாரிலிருந்து அடியோடு பிய்ந்து வந்தது. கர்ரென்ற சத்தம் நின்றது, அதில் சுற்றிக்கொண்டிருந்த தூண்டில் கம்பும் நின்றது. சனியன் ஒழிஞ்சுது என்று அதை மேஜைமேல் எறிந்துவிட்டு, தம்பியைக் கிடத்த இடம் வேண்டுமே என்று முன்னறை நாற்காலிகளை ஒதுக்கப் போனாள்.

காலையில் சாயா குடித்துக்கொண்டிருந்தவன் எபிசன். நாற்பத்திரண்டு வயது, காய்ச்சல் என்று படுத்த ஆளில்லை. டம்ளரைக் கீழே வைத்தான், சாய்ந்தான், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டை பிடிக்கவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். ஜெயபாய்க்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

ஆம்புலன்ஸ் வந்தது. எபிசனை இறக்கி முன்னறையில் ஃபிரீசர் பெட்டிக்குள் வைத்தார்கள். கூடவே இறங்கிய ஷைஜாவின் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. புருஷன் கிடக்கும் பக்கம் திரும்பாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"மைனி, மோட்டார் ஓடல்லியா?"

"என்னது?"

"சத்தம் கேக்கல்லியே" என்றவள் விறுவிறுவென்று பக்கத்து அறைக்குள் போய்விட்டாள்.

அது எபிசனின் வேலை அறை. துபாய் வேலையை விட்டு வந்தபிறகு தூண்டில் கம்பு கட்டுவதுதான் அவனுக்குத் தொழிலும் பித்தும். தேங்காப்பட்டணத்தில் தூண்டில் போடுகிறவர்கள், களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வரும் மலையாளத்துக்காரர்கள் எல்லாம் தேடி வருவார்கள். தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கம்பில் நூலால் சுற்றிக் கட்டுவான். முதலில் கருநீலம். அதற்குள் ஒரு சுற்று வெள்ளை, கொஞ்சம் தள்ளி இரண்டு, அப்புறம் மூன்று என்று நுழைத்து நுழைத்துக் கடைசியில் வெறும் வெள்ளையில் கொண்டுபோய் முடிப்பான். எங்கே மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. "ஒரு கம்புக்கு வாரம் முழுக்க நூலு சுத்துதான். நாலு வாழை வச்சா குலையாவது தள்ளும்" என்று ஜெயபாய் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள், அவன் காதுபடவே.

முன்னறையில் பெண்கள் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னது ஜெயபாய் காதில் நன்றாகவே விழுந்தது. எழுந்து உள்ளே போனாள்.

ஷைஜா மேஜை முன்னால் நின்று, இரண்டு தாங்கிகளில் படுத்திருந்த கம்பை விரல் நுனியால் உருட்டிக்கொண்டிருந்தாள். நூலின்மேல் பூசிய பசை பளபளத்தது.

"ஏட்டி, உனக்கு கிறுக்கா? அவன் அங்க கிடக்கான். ஆளுவ வாயில வந்ததச் சொல்லுதினும்."

"எப்பாக்ஸி மைனி. காலையில பூசினது. காயுத வரைக்கும் கம்பு சுத்திக்கிட்டே இருக்கணும். நிறுத்துனா பசை ஒரு பக்கமா வழிஞ்சு கட்டியாப் போவும்."

"வழிஞ்சா வழியட்டு!"

"மோட்டாரப் பாத்துக்கோ, சாயா குடிச்சிட்டு வாறேன்னு சொன்னாவ." ஷைஜா கம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கிட்ட கடைசியாச் சொன்னது அதாக்கும். நான் பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். யாரு மைனி வயரப் பிய்ச்சது?"

ஊரையே வாயால் அளக்கிற ஜெயபாய் மேஜைமேல் கிடந்த வயரை எடுத்துச் சுருட்டினாள்.

"நானாக்கும்" என்றாள். "நானாக்கும் பிய்ச்சேன், மக்கா."

ஷைஜா ஏதாவது கேட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினாள். கலக்கிய கப்பில் மிச்சமிருந்த பசையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டியது, இன்னும் காயவில்லை.

"பாஸ்டர் வந்தாச்சு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "எபிசனுக்க வீட்டுக்காரிய விளியுங்க, ஜெபம் தொடங்கணும்."

"இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்" என்றாள் ஷைஜா, அடுப்பில் சோறு வேகிறது என்பதுபோல. முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

"நீ இன்னும் அவனுக்க முகத்தப் பாக்கல்ல, இல்லியா?"

கம்பு உருண்டுகொண்டிருந்தது.

"தள்ளு. நான் சுத்துதேன்."

"உங்களுக்கு இது தெரியாது மைனி."

"சொல்லித் தா. எந்தப் பக்கமா உருட்டணும்?"

ஷைஜா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஜெயபாயின் கையை எடுத்துக் கம்பில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து இரண்டு சுற்று உருட்டிக் காட்டினாள். "நம்ம பக்கமா. மெள்ள. என்ன ஆனாலும் நிறுத்தாண்டாம்."

கையை எடுத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னறைக்கு நடந்தாள்.

பெட்டியின் பக்கம் போகிற காலடி கேட்டது. அப்புறம் ஷைஜாவின் அலறல் வந்தது. யாரோ விழும் சத்தம், பெண்கள் ஓடும் சத்தம், "பிடி, பிடி அவள" என்ற கூச்சல். ஜெயபாயின் கால் வாசல் பக்கம் ஓர் அடி போய்விட்டது. கை கம்பைவிட்டு வரவில்லை.

நீலநூலுக்கு அடியில் பசை ஒரு துளியாகத் திரண்டு தொங்கப் பார்த்தது. அவள் கம்பை உருட்டினாள்.