பந்தைப் பார்க்காதே

பந்து மறுபடியும் ஆளில்லாத புல்லில் போய் விழுந்தது. டுவைட் ஹார்லன் பார்வையாளர் பலகைமேல் ஏறி நின்றுகொண்டு, வாயருகே இரண்டு கைகளையும் குவித்து, "யாருக்குடா எறியற நோலன்? ஆத்துல போற படகுக்கா?" என்று கத்தினான். வரிசை வரிசையாகச் சிரிப்பு. "பந்தைக் குடுத்தா தேளைக் குடுத்த மாதிரி உதறுறான்பா" என்றது இன்னொரு குரல். அப்புறம் ஆரம்பித்தது அந்த ஊளை. பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணை மூடிப் பாடுகிறவர்கள், பள்ளிக்கூட ஃபுட்பால் அணியில் ஆடுகிற பதினேழு வயதுப் பையனைப் பார்த்து நாய் மாதிரி ஊளையிட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் நான் மனதுக்குள் வேகிற ரகம். எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்த வெர்னா கஸ்லோ அப்படியில்லை. ஊரில் பாதிப் பேரைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியவள் அவள். இப்போதும் ஓட்டுகிறாள்.

"டேய் டுவைட், இறங்குடா கீழ. பஸ்ஸுலயும் இப்படித்தான் சீட்டு மேல ஏறி நிப்ப. தலை நரைச்சாச்சு, இன்னும் உனக்கு உட்காரத் தெரியல."

"மிஸ் வெர்னா, நீங்க பஸ்ஸைப் பாத்துக்கங்க. டீமை நாங்க பாத்துக்கறோம்."

"உன் எதிர்ல நாலு எருமை மூச்சு விட்டுக்கிட்டு ஓடி வந்தா, நீ எறியறது பந்தா இருக்காதுடா. கால்சட்டையைத்தான் எறிவ."

இதற்கும் சிரித்தார்கள். எதற்கும் சிரிக்கிற கூட்டம் அது. ஆனால் வெர்னா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைய ஆட்டமும் கையை விட்டுப் போனால், நோலன் பீச்சமை உட்கார வைத்துவிட்டு டுவைட்டின் தங்கை மகனைக் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை வாங்கி எறிகிறவனாக, இறக்குவது என்று முடிவாகியிருந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த முடிவு. நோலனுக்கும் தெரியும். பிள்ளைகள் தலையில் இருக்கிற ஹெல்மெட் எல்லாம் டுவைட் முன்னின்று ஊரில் பணம் திரட்டி வாங்கிக் கொடுத்தவை. கோச் ரீஸ் நல்ல மனிதர்தான், ஆனால் காது எப்போதும் கூட்டத்தின் பக்கமே திரும்பியிருக்கும்.

வெர்னாவுக்கு நோலன் உறவுமில்லை, சொந்தமுமில்லை. பஸ்ஸில் கடைசி நிறுத்தத்தில் ஏறுகிற, அதிகம் பேசாத பையன், அவ்வளவுதான். அவளுக்குப் பொறுக்காதது அநியாயம். எத்தனையோ வருஷமாக அவள் ஒரே பாட்டைத்தான் பாடினாள்: பந்தைப் பார்க்காதே. பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, சோறு குழைந்ததா என்று மட்டும் பார்த்து அடுப்பில் கை சுட்டவளை ஏசுகிற மாதிரி. எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்கிறார்கள் அல்லவா, அந்தச் சுவரைப் பார். சுவர் நின்றதா? நின்று ஒரு மூச்சு விட அவனுக்கு நேரம் கிடைத்ததா? கிடைத்தும் தப்பாக எறிந்தானா, நானும் சேர்ந்து திட்டுகிறேன். மூச்சே விட முடியாதவனைத் திட்டாதே. "ஐம்பது பிள்ளைங்க பின்னால கத்தும்போது பனியில பிரேக் போட்டுப் பாரு, அப்பத் தெரியும்" என்பாள். சரியான பேச்சுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நோலனோ ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், யார் கேட்டாலும், "என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். வேறு ஒருவன் பெயரையும் சொல்ல மாட்டான். அது வெர்னாவை இன்னும் எரிய வைத்தது. "இந்தப் பையன் வாயைத் திறந்து சொன்னா என்ன? திறக்க மாட்டான். அவனுக்காக யாராவது திறக்கணும்."

அவள் பக்கத்தில் எப்போதும் போலக் காரீன் துபாக். அதே பஸ்ஸில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து சீட் பெல்ட் மாட்டிவிடுகிறவள். ஒரே பிளாஸ்கில் காபி, ஒரே கம்பளிக்குள் இரண்டு பேர் முழங்காலும். காரீனின் மகன் ரஸ் அந்தச் சுவரில் இடது ஓரத்தில் நிற்கிறவன். சட்டை எண் எழுபத்து நாலு. மகன் ஆடும்போது காரீன் கத்த மாட்டாள், தின்ன மாட்டாள், கம்பளி ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருப்பாள்.

கடைசிக் கால்பகுதி. நாம் நான்கு புள்ளி பின்னால். ஆற்றிலிருந்து காற்று ஊசியாகக் குத்தியது. நோலன் பந்தை வாங்கிப் பின்னால் இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டு வைக்கவில்லை. இடது பக்கமாக ஒருவன் குண்டு மாதிரி வந்து அவன் விலாவில் மோதினான். பந்து கையைவிட்டு எகிறி, எதிரணிப் பையன் ஒருவன் அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டான்.

ஊளை எழுந்தது. டுவைட் மறுபடி பலகைமேல். "கோச்! போதும் கோச்! இவனை வீட்டுக்கு அனுப்புங்க!"

வெர்னா எழுந்தாள். கம்பளி காரீனின் மடியில் சரிந்தது. பஸ்ஸின் கடைசி இருக்கைவரை போகிற அந்தக் குரலில், மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா உங்களுக்கு? நோலன் என்ன பண்ணுவான்? எழுபத்து நாலைப் பாருங்கடா! ஓட்டை அங்க இருக்கு! காலையிலேருந்து அந்தப் பக்கமாத்தான் வர்றானுங்க, எழுபத்து நாலு மரம் மாதிரி நிக்கிறான்!"

ஒரு நொடி அமைதி. கூட்டம் யோசிக்கிறது என்று நினைத்தேன். அது தலையைத் திருப்பத்தான் அந்த நேரம் எடுத்துக்கொண்டது.

"அட ஆமாப்பா" என்றான் டுவைட். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "டேய் எழுபத்து நாலு! வாசக்கதவைத் திறந்து வெச்சுட்டு, வாங்க வாங்கன்னு கூப்பிடறியாடா?"

"சாப்பாடு போட்டு அனுப்புடா!"

"எழுபத்து நாலு! வெளிய வா!" அதையே தாளம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். பலகையில் காலால் உதைத்துக்கொண்டு. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

வெர்னா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். காரீன் கம்பளியை மடித்தாள். மடித்து வெர்னாவின் இடத்தில் வைத்தாள்.

"ரெண்டு பேர் வந்தாங்க வெர்னா" என்றாள், மெதுவாக.

"நான் நோலனுக்காக..."

"ரெண்டு பேர். காலையிலேருந்து அவன் பக்கமா ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்பறாங்க. அவன் ஒருத்தன். ஒருத்தனைத்தான் புடிக்க முடியும். நீங்க பந்தைப் பாக்கலதான். ஆனா வந்தவங்களையும் எண்ணலையே."

"காரீன்..."

"அவனும் உங்க பஸ்ஸுல வந்தவன்தான்."

அவள் எழுந்து படியிறங்கி, மைதான ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் முதுகு தெரிகிற இடம் அது.

பந்து மறுபடி நம் பக்கம் வந்தபோது கோச் ரீஸ் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு ரஸ்ஸைத் தோளைத் தொட்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவன் இடத்தில் ஒல்லியாக ஒரு பையனை அனுப்பினார். கூட்டம் கைதட்டியது. என்னவோ நீதி கிடைத்துவிட்ட மாதிரி கைதட்டல். ரஸ் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக் குனிந்துகொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு, ஒளித்துவைக்க இடம் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

நோலன் கைக்குப் பந்து வந்த முதல் தடவையே அந்த ஒல்லிப் பையனை வைக்கோல் பொம்மை மாதிரி தள்ளிவிட்டு இரண்டு பேரும் நோலன்மேல் விழுந்தார்கள். மேலிருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். நோலன் எழவில்லை. பிறகு ஒரு முட்டி, பிறகு ஒரு கை, எழுந்தான். தலையை உலுக்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்து நின்றான்.

நின்றான், அவ்வளவுதான். குரல் கொடுக்கவில்லை. பந்தைக் கேட்கவில்லை. முன்னால் ஐந்து பேரும் குனிந்து காத்திருந்தார்கள். எதிரணி காத்திருந்தது. அவன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான், ரஸ் உட்கார்ந்திருந்த மூலையை. பந்தை எடுக்கக் கொடுத்திருந்த சில நொடிகள் ஓடி முடிந்தன. நடுவர் மஞ்சள் துணியை எடுத்து வீசினார். தாமதத்துக்குத் தண்டனை, ஐந்து கஜம் பின்னால்.

"ஆடுடா!" என்று கோச் கத்தினார். நிறுத்தி வைத்துப் பேச அவரிடம் டைம் அவுட் ஒன்றும் மிச்சமில்லை. "நோலன்! என்னடா பண்ற? ஆடு!"

நோலன் ஐந்து கஜம் பின்னால் வந்து அதேபோல் நின்றான். பெஞ்சில் டுவைட்டின் தங்கை மகன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, தாடைப் பட்டையை இறுக்கிக்கொண்டு எழுந்தான். நோலன் அதையும் பார்த்தான். அசையவில்லை. ரஸ் தலை நிமிர்ந்து, வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினான். இரண்டாவது மஞ்சள் துணி முதலாவது கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

கூட்டத்துக்கு இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. "என்ன திமிருடா அவனுக்கு?" என்று ஒருவர் ஆரம்பித்தார். "நோலனா, எழுபத்து நாலா?" என்று நிஜமாகவே கேட்டாள் என் பின்னால் ஒருத்தி. டுவைட் வெர்னாவைப் பார்த்தான், அவள் அடுத்துச் சொல்லப்போகும் பெயருக்காகக் காத்திருக்கிறவன் மாதிரி.

வெர்னா மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பலகை வரிசைகளைப் பார்த்து நின்றாள். பஸ் கண்ணாடியில் பின்னால் இருப்பவர்களைப் பார்ப்பாளே, அப்படி ஒரு வரிசை விடாமல், ஒரு முகம் விடாமல், என் முகமும் உட்பட. கம்பியருகே காரீனின் முதுகு. அதற்கும் அப்பால் விசில் ஊதியது. இன்னொரு துணி விழுந்திருக்க வேண்டும்.

"மிஸ் வெர்னா, மறைக்குது" என்றான் டுவைட். "உட்காருங்க. ஒண்ணும் தெரியல."

அவள் உட்காரவில்லை.