சூரியன் மீது ஒரு குற்றச்சாட்டு

காவல்துறைத் தலைவர் பிராண்ட் ஹோல்ஸாப்ஃபெல் தொலைபேசியில் அழைத்தபோது அவர் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டே ஏதோ தப்பு என்று லவீனியா கெய்தருக்குப் புரிந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையை அவருக்கு அனுப்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சாலையில் கார்களை நிறுத்திச் சோதிக்கும் அவருடைய ஆட்கள் கறுப்பின ஓட்டுநர்களைத்தான் அதிகமாக நிறுத்துகிறார்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. அதைப் படித்த ஒரு தலைவர் கோபப்படலாம், வக்கீலைக் கூப்பிடலாம். உற்சாகப்படக் கூடாது.

"டாக்டர், ரெண்டு தடவை படிச்சுட்டேன். குற்றவாளி யாருன்னு பளிச்சுனு கண்டுபிடிச்சுட்டீங்க."

"யாரு சார்?"

"சூரியன்."

லவீனியா கால்டர்வில் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். எந்த மக்கு மாணவனுக்கும் நாலாவது தடவை விளக்கும்போதுகூட முதல் தடவை விளக்குகிற ஆசையோடு விளக்குவாள். அப்படிப்பட்டவளாலும் அன்று அதை அபத்தம் என்று தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் தலைவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

விஷயம் இதுதான். ஊரில் கறுப்பினத்தவர் இத்தனை பேர், நிறுத்தப்பட்டவர்களில் இத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். தெரியாது. ஊரில் இருப்பது வேறு, சாலையில் இருப்பது வேறு. பாதிப் பேர் வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறார்கள். சிலர் தினமும் ஓட்டுகிறார்கள், சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போக மட்டும்தான் கார். சாலையில் யார் யார் போகிறார்கள் என்று நின்று எண்ணிக்கொண்டிருக்கவும் முடியாது. அதற்கு ஓர் அழகான குறுக்கு வழி இருக்கிறது.

குளிர்பான ஆலையில் ஷிஃப்ட் ஐந்தே முக்காலுக்கு முடியும். ஆறு மணிக்கு மில் சாலை முழுக்க வீட்டுக்குப் போகும் கார்கள். குளிர்காலம் வருகிறதென்று நவம்பர் முதல் ஞாயிறன்று அந்த நாட்டில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வெளிச்சம். திங்கட்கிழமை அதே ஆறு மணிக்குக் கும்மிருட்டு. அதே ஆட்கள், அதே கார், அதே வேகம், அதே பசி. மாறியது ஒன்றுதான்: போலீஸ்காரருக்கு ஓட்டுநரின் முகம் தெரியவில்லை. நிறுத்துவதற்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால், வெளிச்சத்திலும் இருட்டிலும் ஒரே பங்குதான் வரவேண்டும்.

கால்டர்வில்லில் அந்த ஆறு மணிக்கு, வெளிச்சத்தில் நிறுத்தப்பட்ட நூறு பேரில் முப்பத்திநாலு பேர் கறுப்பினத்தவர். இருட்டில் இருபத்தியொன்று. இருட்டிவிட்டால் எரியாத விளக்குதான் முதலில் கண்ணில் படும் என்பதால், விளக்குக் குற்றங்களை ஒதுக்கிவைத்தும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதே கதை.

"ஆக இருட்டில எங்க பசங்க தங்கம்," என்றார் தலைவர். "வெளிச்சம் வந்தாத்தான் கெட்டுப்போறாங்க. அப்போ எதைச் சரி பண்ணணும்? வெளிச்சத்தை. வியாழக்கிழமை நகரமன்றத்துல ஒரு யோசனை வச்சிருக்கேன், வாங்க."

லவீனியாவுக்கும் ஒரு யோசனை இருந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதியிருந்தாள். சில்லறைக் குற்றங்களுக்காகக் காரை நிறுத்துவதை விட்டுவிடுங்கள். கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டை, நம்பர் பலகையைச் சுற்றிய அலங்காரச் சட்டகம், இரண்டு விளக்கில் ஒன்று மங்கலாக எரிவது என்று ஊர்ச் சட்டத்தில் அறுபத்தியொரு சில்லறைக் குற்றங்கள் இருந்தன. கல்லூரி வாகன நிறுத்தத்தில் நூறு காரைச் சுற்றிவந்து பார்த்தாள். எண்பத்திமூன்றில் குறைந்தது ஒரு குற்றமாவது இருந்தது. அவளுடைய காரில் மூன்று. அதாவது, காரணத்தைப் பார்த்து யாரும் காரை நிறுத்துவதில்லை. கண் முதலில் தேர்ந்தெடுக்கிறது. காரணத்தைச் சட்டம் பிறகு எடுத்துக்கொடுக்கிறது.

இதில் அவளுக்குச் சொந்த வேதனை ஒன்றும் உண்டு. தம்பி கார்னெல், மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்துக்கு ரத்த மாதிரிகள் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறான். போன வருஷம் பத்தொன்பது தடவை நிறுத்தப்பட்டான். ரத்தம் காத்திருக்காது, நேரம் கடந்தால் குப்பைக்குத்தான். இந்த வருஷம் இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. மூன்றாவது தடவை ஆனால் வேலை போய்விடும் என்று கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது. லவீனியா இதையும் மறைக்கவில்லை. 'ஆய்வாளரின் தம்பி இந்தத் தரவில் பத்தொன்பது முறை வருகிறார். அவரை நீக்கினாலும் முடிவு மாறவில்லை' என்று நாற்பதாம் பக்கத்தில் அடிக்குறிப்பு எழுதினாள்.

"என்னை நீக்கினாலும் ஒண்ணும் மாறாதா?" என்று கேட்டான் கார்னெல். "பாசமா எழுதியிருக்கக்கா."

வியாழக்கிழமை நகரமன்றத்தில் தலைவர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் வெல்டிங் செய்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடிகள். ஒன்றைத் தானே மாட்டிக்கொண்டு, மேஜையில் முட்டிக்கொண்டு நின்றார்.

"பார்த்தீங்களா? இதைப் போட்டா மத்தியானமும் நவம்பர்தான். ஒரு கார்ல ரெண்டு பேர். ஒருத்தர் ஓட்டுவார், அவருக்குக் கண்ணாடி கிடையாது. ஆனா யாரை நிறுத்தறதுன்னு அவர் வாயே திறக்கக் கூடாது. பக்கத்துல கண்ணாடி போட்டவர்தான் முடிவு பண்ணுவார்."

மன்ற உறுப்பினர் ட்ரூடி வாண்டர்ஸ்லூட் கை தூக்கினார். முப்பது வருஷம் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். எந்தக் கூட்டமும் அவருக்கு வகுப்பறைதான். "கண்ணாடி எல்லாரையும் ஒரே அளவுக்கு மறைக்குமா?"

"சமமா மறைக்கும்மா. நானே என் மனைவின்னு நினைச்சு கோட் ஸ்டாண்டுக்குக் குட் மார்னிங் சொன்னேன்."

லவீனியா எழுந்தாள். "வெளிச்சம் தப்பு பண்ணலை. அது காட்டிக்கொடுக்குது, அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்தா எலும்பு முறிவு தெரியும். அதுக்காக எக்ஸ்ரே மெஷினுக்குக் கட்டுப் போட மாட்டோமே."

"அருமையா சொன்னீங்க," என்றார் வாண்டர்ஸ்லூட். "ஆனா உங்க யோசனைப்படி செஞ்சா சட்டத்தையே மாத்தணும். கண்ணாடின்னா மாட்டிக்கிட்டாப் போதும். ஆறு வாரம் பார்ப்போம். டாக்டர் அளந்து சொல்லட்டும். சரியா வரலைன்னா அவங்க கடைசிப் பக்கத்தைப் படிப்போம்."

அளந்து சொல்ல லவீனியா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். சோதனை தோற்றால் கடைசிப் பக்கத்துக்கு வழி திறக்கும். தோற்காமல் இருக்க வாய்ப்பே இல்லை என்று நினைத்தாள்.

"அக்கா, இதுக்குத்தான் ஒன்பது வருஷம் காலேஜ் போனியா?" என்றான் கார்னெல். "போலீஸ்காரனுக்குக் கண்ணைக் கட்டிவிடறதுக்கு? துப்பாக்கி வச்சிருக்கான், ஞாபகம் இருக்கா?"

"துப்பாக்கி எடுக்கணும்னா கண்ணாடியைக் கழட்டணும்னு விதி போட்டிருக்காங்க."

"அப்பாடா."

மே மாதம் இரண்டாவது வாரம் சோதனை தொடங்கியது. முதல் நாளிலிருந்தே லவீனியா ஒரு ரோந்து காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனாள். எந்தக் கருவியையும் அளப்பதற்கு முன் அது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது அவள் பழக்கம். காவலர் டாம்ப்ரௌஸ்கி ஓட்டினார். பக்கத்தில் ப்ரூயிட், கறுப்புக் கண்ணாடியோடு, முழங்கால்மேல் கை வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல் இருந்தார்.

"அதோ, அதை நிறுத்து," என்றார் ப்ரூயிட்.

"அது தபால் பெட்டிடா."

"நீ சொல்லக் கூடாது. விதி."

"தபால் பெட்டின்னும் சொல்லக் கூடாதா?"

"யார் கண்டா, நீ யாரையாவது காப்பாத்தறியோ என்னமோ."

டாம்ப்ரௌஸ்கி பெருமூச்சு விட்டுத் தபால் பெட்டி அருகே நிறுத்தினார். நேரமும் இடமும் குறித்துக்கொண்டார். இனம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று பின்னால் திரும்பிக் கேட்டார்.

"காலியா விடுங்க," என்றாள் லவீனியா.

நாலாவது நாளிலிருந்து ப்ரூயிட் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். ஒன்றும் தெரியாததால் மனதுக்குள் எண்ணுவார். பதினைந்து வந்ததும் "இதை" என்பார். எது பக்கத்தில் போகிறதோ அது நிற்கும். நின்ற பிறகு கண்ணாடியைக் கழற்றலாம். எந்தக் காரிலும் அறுபத்தியொன்றில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது. சவ ஊர்தி ஒன்றை நிறுத்தினார்கள். அதன் நம்பர் பலகைமேல் மலர்வளையத்தின் ரிப்பன் விழுந்திருந்தது. போதகரை நிறுத்தினார்கள். தலைவருடைய அம்மாவை ஒரே நாளில் இரண்டு தடவை நிறுத்தினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை இன்னொரு போலீஸ் காரை நிறுத்தினார்கள். அதற்குள்ளும் கண்ணாடி போட்டவர் ஒருவர் இருந்ததால், யார் யாரை நிறுத்தினார்கள் என்பது கடைசிவரை தீரவில்லை.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த லவீனியாவுக்கு மெல்லப் புரிந்தது. இவர்கள் அறியாமலேயே குலுக்கல் சீட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பதிலாகத் தாயக்கட்டை உருட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். எந்தப் பாடப்புத்தகத்தில் வேண்டுமானாலும் போடலாம். சோதனை அவ்வளவு சுத்தமாக இருந்தது. தோற்கப்போவதில்லை.

ஐந்தாவது வாரம் ஒருநாள், பதினைந்து வந்தபோது பக்கத்தில் போனது கார்னெலின் வேன். ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே கார்னெல். அவர் முகம் சிவந்துபோயிற்று.

"ஐயையோ, நீயா! சத்தியமா தெரியாமத்தான்பா."

"பதினோரு வருஷத்துல முதல் தடவையா உங்களை நம்பறேன் சார்," என்றான் கார்னெல். "ரத்தம் இருக்கு. போகலாமா?"

நாலே நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். பரிசோதனைக்கூடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தான். ஆனால் அன்று மாலை அக்காவிடம் சொன்னான்: "குருட்டு அடியும் ஒருநாள் என் வேலைமேல விழுமே அக்கா."

ஆறு வாரம் முடிந்தது. பட்டப்பகலில், நிறுத்தப்பட்ட நூறு பேரில் இருபத்திரண்டு பேர் கறுப்பினத்தவர்; நவம்பர் இருட்டில் இருந்ததற்கு ஒன்றுதான் அதிகம். லவீனியா நகரமன்றத்தில் உண்மையைச் சொன்னாள். வேறென்ன சொல்வது? "கண்ணாடி வேலை செய்யுது," என்றாள். சொல்லும்போதே கடைசிப் பக்கம் மூடிக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது. தலைவர் கைதட்டினார்.

வேறு யாரும் தட்டவில்லை.

வாண்டர்ஸ்லூட் எழுந்தார். கையில் ஒரு கற்றை எச்சரிக்கைச் சீட்டு. "ஆறு வாரத்துல ஏழு தடவை. ஏழு! கார்ல பைன் மர வாசனை அட்டை தொங்குதாம். அது என் பேத்தி கொடுத்தது. அதுக்காக ரோட்டோரத்துல கால் மணி நேரம் நிக்க வச்சாங்க. என்கிட்ட படிச்ச பசங்க எல்லாம் ஜன்னலை இறக்கிப் பார்த்துட்டுப் போறாங்க. 'எங்கிருந்து வரீங்க, எங்க போறீங்க'ன்னு என்னைக் கேக்கறான், நான் அஞ்சாங்கிளாஸ்ல ஃபெயிலாக்கின பையன்! மனுஷனை இப்படியா நடத்தறது?"

"எனக்கு நாலு," என்றார் பக்கத்து உறுப்பினர்.

"எனக்கு ஆறு. ஒண்ணு என் வீட்டு வாசல்லயே."

"இப்படி நிக்கறது எவ்வளவு அவமானம்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் வாண்டர்ஸ்லூட், கூட்டத்தைப் பார்த்து. கூட்டத்தில் பாதிப் பேர் மில் சாலையில் தினமும் கார் ஓட்டுகிற கறுப்பினத்தவர். பின்வரிசையில் யாரோ "கொஞ்சம் தெரியும்" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வாண்டர்ஸ்லூட் சிரிக்கவில்லை. சீட்டுகளைப் பார்த்தார், பின்வரிசையைப் பார்த்தார், மறுபடி சீட்டுகளைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், அந்த அறுபத்தியொரு சில்லறைக் குற்றங்களுக்காக இனி யாருடைய காரையும் நிறுத்தக் கூடாது என்று தீர்மானம் முன்மொழிந்தார்.

பதினோரு நிமிஷத்தில் ஏழுக்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. கடைசிப் பக்கத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. தீர்மானத்தின் முன்னுரையில் வெல்டிங் கண்ணாடிகளுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டிருந்தது.

"நல்லா வேலை செஞ்சுக்கிட்டிருந்தது," என்றார் தலைவர் வாசலில், பெட்டியைக் கட்டிக்கொண்டு. உண்மையிலேயே மனம் உடைந்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு லவீனியாவின் போன் அடித்தது. கார்னெல்.

"அக்கா, பரிசோதனைக்கூடம் பூட்டியிருக்கு."

"ஏன்டா, லீவா?"

"இல்ல. அவங்க ஏழே முக்காலுக்குத்தான் திறப்பாங்க. நான் சீக்கிரம் வந்துட்டேன். யாருமே நிறுத்தலை."

"நீ எப்பவும் ஏழே முக்காலுக்குத்தானே போவே?"

"நாப்பது நிமிஷம் முன்னாடியே கிளம்புவேன். ஒருவேளை நிறுத்தினா வேணுமேன்னு. நிறுத்தாத நாள்ல கடைசித் தெருவுல வேனை ஓரங்கட்டி உக்காந்திருப்பேன். இன்னைக்கு ஓரங்கட்டணும்ங்கற எண்ணமே இல்லாம நேரா ஓட்டிட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து."

லவீனியா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நிறுத்தமும் எத்தனை நிமிஷம் நீடித்தது என்பதற்கு அவள் தரவு அட்டவணையில் ஒரு பத்தி இருந்தது. சராசரி பதினாலு. அதைப் பத்துவிதமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். நடக்காத நிறுத்தத்துக்காகத் தினமும் காலையில் எடுத்துவைக்கப்பட்ட நிமிஷங்களுக்குப் பத்தியே இல்லை. எந்த ஊர்க் காவல்துறையிடமும் இருக்காது. அவர்கள் அதை வாங்கிக்கொண்டதாக அவர்களுக்கே தெரியாது. மில் சாலையில் இன்னும் எத்தனை பேர் வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்புகிறார்கள் என்று யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவள் மூளை அப்போதே கேள்வித்தாள் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன். இப்போ என்ன பண்ணப்போறே?"

"தெரியலை. முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. எதிர்ல ஒரு டோனட் கடை இருக்கு, ஒருநாளும் உள்ள போனதில்லை. ஆனா வாசல்ல ரெண்டு போலீஸ் கார் நிக்குது."

"அதனால என்ன, போ."

"போகலாங்கறியா?"

"போடா."

வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கடைக் கதவின் மணி. லவீனியா போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.

"சர்க்கரை தூவினது நல்லா இருக்கு," என்றான் கார்னெல்.